வரப்பு, கரை, அணை, பண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரப்பு என்று எழுதுவேன். எழுதி வாசித்துக் காட்டும்போது யாராவது ஒருவர் "அண்ணே, அது வரப்பா வரம்பா?" என்று ஆரம்பிப்பார், பக்கத்தில் நிற்பவர் கண்மாய்க்கரைக்கு (வடக்கே ஏரிக்கரை என்பார்கள்) தாவுவார், கூட வந்த காலேஜ் பிள்ளை போனில் தேடிப் பார்த்து இன்னொன்று சொல்லும், டீ ஆறிப் போகும். சந்தேகங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அதேதான் என்பதால் ஒரு இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

வரப்புன்னா வயலுக்கு நடுவுல நடந்து போற பாதை தானே?

நடப்பது அதன் உபரி உபயோகம். வயலைச் சுற்றி மண்ணை வெட்டிப் போட்டு, மிதித்துக் கெட்டிப்படுத்தி எழுப்பியதுதான் வரப்பு. அதற்கு இரண்டு வேலை. உள்ளே பாய்ச்சிய தண்ணீரை வெளியே விடாமல் நிறுத்த வேண்டும், அப்புறம் என் வயல் இதோடு முடிகிறது என்று காட்ட வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

அகலம் ஒரு ஆள் கால் மாற்றி வைத்து நடக்கிற அளவு இருந்தால் போதும். சிலர் அதையும் சும்மா விடாமல் உளுந்து, தட்டைப்பயறு என்று ஓரமாக ஊன்றிவிடுவார்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் வீட்டுக்கு வேண்டிய பயறு முழுக்க வரப்பிலிருந்துதான் வந்தது.

வரப்பு சரியா, வரம்பு சரியா?

இரண்டும் சரி, இரண்டும் ஒரே சொல். மெல்லின எழுத்து வல்லினமாக மாறுவது தமிழில் சாதாரணமாக நடப்பது. இரும்பு என்கிறோம், அதுவே பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆகிறது. மருந்து கொடுக்கிறவர் மருத்துவர். அதே தடத்தில்தான் வரம்பு வரப்பு ஆனது.

பிறகு இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன. மண்ணில் கிடப்பது வரப்பு. பேச்சிலும் தாளிலும் இருப்பது வரம்பு: வயது வரம்பு, வருமான வரம்பு, வரம்பு மீறிப் பேசாதே. மலையாளத்தில் இந்தப் பிரிவினை இல்லை, அங்கே வயலில் இருப்பதற்கே இன்றைக்கும் வரம்பு என்றுதான் பெயர். கேரளாவிலிருந்து நிலம் பார்க்க வந்த ஒருவர் வயலைக் காட்டி வரம்பு என்றதும், கூடப் போன தரகர் "பாருங்கண்ணே, எவ்வளவு சுத்தமான தமிழ்!" என்று அசந்துவிட்டார்.

சரி, அந்த வரம்பு எங்கேயிருந்து வந்துச்சு? வடமொழியா?

தமிழ்தான். வரை என்ற சொல்லின் குடும்பம். "ஆரப்பாளையம் வரை ஒரு டிக்கெட்" என்கிறோமே, அந்த வரை. அது எல்லையைக் குறிக்கிறது. கோடு வரைகிறோம், வரைபடம் போடுகிறோம், அதுவும் இதே சொல்தான். கோடு இழுத்தால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிந்துவிடுகிறது இல்லையா? தொல்காப்பியத்தில் மூவேந்தர் ஆண்ட நாட்டுப் பரப்பைச் சொல்ல "தண்பொழில் வரைப்பின்" என்று வருகிறது, அங்கே வரைப்பு என்றால் எல்லைக்குள் அடங்கிய நிலம். சங்கப் பாட்டில் கல்யாணத்துக்குக்கூட வரைவு என்று பெயர். (பத்திரம் எழுதுகிறவனுக்கு இது ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது, அதை விடுங்கள்.)

ஆக இந்தச் சொல்லில் மண்ணும் இல்லை, மேடும் இல்லை. முதலில் இருந்தது கோடு. அந்தக் கோட்டின் மேல் மண்ணைப் போட்டார்கள், கோட்டின் பெயர் மண்ணுக்கு ஒட்டிக்கொண்டது. உயரமான மண் என்ற அர்த்தத்தில் வேரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஔவையார் 'வரப்புயர' ன்னு சொன்னாங்களே, வரப்பு உயர்ந்தா எல்லாம் உயர்ந்துடுமா?

சோழ ராஜாவை வாழ்த்தச் சொன்னால், ஔவை "வரப்புயர" என்று ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டதாகக் கதை. சபை முழித்தது. பிறகு அவரே விரித்தார்: வரப்பு உயர நீர் உயரும், நீர் உயர நெல், நெல் உயரக் குடி, குடி உயரக் கோல், கோல் உயரக் கோன்.

வயலில் இறங்கியவருக்கு இது உவமை மாதிரியே தோன்றாது, வேலைக் குறிப்பு மாதிரி இருக்கும். நட்ட வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் போதும், ஆனால் அது நிற்க வேண்டும். வரப்பு தாழ்ந்து கிடந்தால் ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் வழிந்து அடுத்தவன் வயலுக்குப் போய்விடும், போட்ட உரத்தையும் கூட்டிக்கொண்டு. கள்ளந்திரிக்கு அப்பால் எங்கள் பக்கம் பெரியாறு பாசனத்தில் ஒருபோகம்தான், பேரணை முதல் கள்ளந்திரி வரை இருக்கிறவர்களுக்குத்தான் இருபோகம். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை எலி வளை வழியாகத் தொலைத்தவனுக்கு ஔவையார் சொன்னது நன்றாகவே புரியும்.

வரப்பும் கரையும் ஒன்னு தானே? ரெண்டும் மண்ணு தானே?

மண் ஒன்றுதான். ஆனால் வரப்பு என்றால் மனிதன் போட்டதாக மட்டுமே இருக்கும். கரை அப்படி இல்லை. வைகைக்கு யாரும் போடாமலே இரண்டு கரை இருக்கிறது, சோழவந்தான் பக்கத்தில் தென்கரை என்று ஊரே இருக்கிறது. கண்மாய்க்கரை மனிதன் போட்டது. கடற்கரையில் மேடே கிடையாது, அதுவும் கரைதான்.

காரணம், கரையின் ஆதி அர்த்தம் ஓரம் என்பதுதான். நீர் முடிகிற ஓரம், துணி முடிகிற ஓரம். கரைவேட்டியில் இருப்பது அந்தக் கரை. கன்னடத்திலும் 'கரெ' என்றால் நீரின் ஓரம், துணியின் ஓரம் இரண்டுமே. மலையாளத்தில் 'கர' கடலுக்கு எதிர்ப்பதமாக நிலத்தையே குறிக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் இத்தனை கரைக்காரர்கள் என்று பங்கு பிரிக்கிறார்களே, அதுவும் இதே பக்கத்துச் சங்கதிதான், ஊரைப் பகுதி பகுதியாகப் பார்ப்பது. ஆக வரப்பைப் போலவே கரைக்குள்ளும் மண் இல்லை.

பேச்சிலும் இரண்டுக்கும் சேருகிற வினை வேறு. வரப்பை வெட்டிவிடுவார்கள், வாமடை (வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்) திறப்பார்கள், அது தினப்படி வேலை. கரை உடையும், உடைப்பு எடுக்கும், அது ஊர்ச் செய்தி. "வரப்பு உடைஞ்சுருச்சு" என்றால் ஒரு ஆள் மண்வெட்டியோடு போனால் போதும், "கரை உடைஞ்சுருச்சு" என்றால் ஊரே ஓட வேண்டும்.

தண்ணியில கரையுறதாலதான் கரைன்னு பேரு வந்துச்சாமே?

கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கரைதல் என்ற வினை வேறு, ஓரம் என்ற கரை வேறு. அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொல்லாகத்தான் வைக்கின்றன. காக்கை கரைவது மூன்றாவது. கரைந்து போவதற்காகவா ஒருவன் கரை போடுவான் என்று யோசித்தாலே போதும். அப்படிப் பார்த்தால் வேட்டிக்கரையும் துவைக்கத் துவைக்கக் கரைய வேண்டும். (சில கடை வேட்டியில் கரையத்தான் செய்கிறது, அது வேறு கதை.)

வேட்டிக்கு கரையா கறையா?

ஓரத்தில் நெய்தது கரை. குழம்பு சிந்தினால் கறை.

நம்ம பக்கம் கம்மாய்ங்கிறோம், மெட்ராஸ் பக்கம் ஏரிங்கிறாங்க. ஏரிங்கிறதே கரையோட பேருதானாமே?

இது நல்ல கேள்வி, கேட்ட பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் கண்மாய், திருநெல்வேலிப் பக்கம் குளம், வடக்கே ஏரி. கண்மாய் என்பதைக் கண்வாய் என்று பிரித்துச் சொல்வார்கள், தண்ணீர் வெளியேறும் மடையின் கண்ணும் வாயும். அப்படியானால் நாம் மடையை வைத்து முழு நீர்நிலைக்கும் பெயர் வைத்திருக்கிறோம்.

கன்னடத்தில் நீர்நிலைக்குக் கெரெ என்று பெயர், அதன் கரைக்குத்தான் ஏரி என்று பெயர். 'கெரெ ஏரி' என்றால் நம் கண்மாய்க்கரை. அங்கே அது மேலே ஏறுவதைச் சொல்லும் வினையோடு சேர்ந்தது. இதைப் பார்த்துவிட்டு, தமிழிலும் கரைக்கு இருந்த பெயர்தான் தண்ணீருக்கு ஆகிவிட்டது என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் நம் ஏறுவதில் வல்லின ற, ஏரியில் இடையின ர. அந்த ஒரு எழுத்தைத் தாண்டிக் குதிக்க எனக்குத் தைரியம் இல்லை. பையன் குதித்துவிட்டான்.

பொதுப்பணித்துறைக்காரங்க 'பண்டு' ங்கிறாங்களே, அது தமிழா இங்கிலீஷா?

இரண்டும் இல்லை, பாரசீகம். அங்கே பந்த் என்றால் கட்டு, கட்டுவது, அணை. அது இந்துஸ்தானிக்கு வந்து, அங்கிருந்து வெள்ளைக்காரன் வாயில் பண்ட் ஆகி, இஞ்சினியர்களோடு நம் கண்மாய்க்கு வந்து பண்டு ஆனது. ஐதராபாத்தில் டேங்க் பண்ட் இருக்கிறது. சீனாவில் ஷாங்காய் நகரத்து ஆற்றங்கரை வீதியையும் ஆங்கிலத்தில் பண்ட் என்றுதான் சொல்கிறார்கள், நம் நாட்டிலிருந்து போன சொல்தான் அது.

இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். கடையடைப்புக்குச் சொல்கிற பந்த், திருவிழாவுக்குப் போடுகிற போலீஸ் பந்தோபஸ்து, தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் நடக்கிற ஜமாபந்தி, நான் பத்திரத்தில் நாலு எல்லையைச் சொல்லும்போது எழுதுகிற செக்குபந்தி, எல்லாவற்றிலும் அதே கட்டுதான். "பத்திரத்தில் சுத்தத் தமிழில் எழுதுங்க" என்று என்னிடம் சண்டை போட்ட பெரியவர் செக்குபந்தியை மட்டும் அடிக்க விடவில்லை, அது இல்லாவிட்டால் பத்திரம் மாதிரியே இல்லையாம்.

அப்போ அணைன்னா? கரையைவிடப் பெருசா இருந்தா அணையா?

அளவை வைத்துப் பிரிக்க முடியாது. ஓரமாக நின்று தாங்கினால் கரை, ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே நின்றால் அணை. வைகையில் 1959-ல் திறந்தது அணை. அதற்கு முன்பிருந்தே ஆற்றின் குறுக்கே உள்ள பேரணையும் அணைதான், உயரத்தில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. அணை என்பதன் வேரில் இருப்பது சேர்த்துப் பிடிப்பது. பிள்ளையை அணைத்துக்கொள்கிறோமே, அது. அணைக்கட்டு என்ற நம் சொல்லை ஆங்கிலக்காரர்கள் 'அனிகட்' என்று கொண்டு போனார்கள், ஆக பண்டு வந்த பாதையிலேயே ஒரு சொல் எதிர்த்திசையிலும் போயிருக்கிறது.

பழைய தமிழில் இதற்குச் சிறை என்றும் ஒரு சொல் உண்டு. வேகமாக வரும் வெள்ளத்தைக் கற்சிறை தடுத்ததுபோல் ஒருவன் தனியாக நின்று படையைத் தாங்கினான் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஜெயிலும் அதே சிறைதான். ராமநாதபுரம் சேதுபதிகளின் பெயரிலுள்ள சேது வடமொழியில் அணைக்கும் பாலத்துக்கும் பொதுவானது, அதன் வேரும் கட்டுவதுதான். பந்த், சேது, சிறை, அணை என்று மூன்று மொழிச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒன்றிலாவது மண் என்ற பேச்சு இருக்கிறதா? கட்டு, பிடி, அடக்கு, இதுதான் எல்லாவற்றிலும். வரப்பும் கரையும் எங்கே முடிகிறது என்று சொல்கின்றன, இவை என்ன செய்கிறது என்று சொல்கின்றன.

கண்மாய்க்கரை எல்லாம் ஏன் வளைஞ்சே கிடக்கு? நேரா போட்டா மண்ணு மிச்சம் தானே?

நேராகப் போட்டால் இரண்டு முனையிலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். நம் பக்கம் நிலம் ஒரே சரிவாகச் சாய்ந்து கிடக்கிறது. சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் கரை போட்டு, இரண்டு நுனியையும் மேட்டை நோக்கி வளைத்துவிட்டால் மேல்பக்கத்துக்குக் கரையே வேண்டாம், நிலமே தாங்கிக்கொள்ளும். வரத்துக்கால் அந்தத் திறந்த பக்கமாக வரும். நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு என்கிற வழிந்தோடி வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்.

இதைச் சங்கப் புலவர் கபிலர் புறநானூற்றில் ஒரே வரியில் பிடித்திருக்கிறார்: "எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரை". அமாவாசை கழிந்து எட்டாம் நாள் நிலா மாதிரி வளைந்த கரை என்று அர்த்தம். பாரி செத்த பிறகு அவன் பறம்பில் பார்ப்பாரில்லாமல் உடைகிற ஒரு சின்னக் குளத்தைப் பற்றிய பாட்டு அது. பறம்பு என்பது சிங்கம்புணரிக்குப் பக்கத்திலுள்ள பிரான்மலை என்று சொல்கிறார்கள், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அவ்வளவு பழைய பாட்டிலும் கண்மாய்க்குக் கரைதான், வரப்பு கிடையாது.

புட்டுக்கு மண் சுமந்த கதையில சாமி போட்டது வரப்பா, கரையா?

கரை. வைகையில் வெள்ளம் வந்து கரை உடைகிறது, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தங்கள் பங்கை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் படுத்துத் தூங்கி, பாண்டியனிடம் பிரம்படி வாங்கினார், அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. மதுரையில் ஆவணியில் புட்டுத்தோப்பில் இந்தக் கதை இன்றும் திருவிழாவாக நடக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த "வீட்டுக்கு ஒரு ஆள்" என்ற பகுதி. கரை ஊர்ப் பொது, வரப்பு அவனவன் பாடு. குடிமராமத்து என்று சொல்வது இதைத்தான். 1858-ல் மதராஸ் மாகாணத்தில் இதைக் கட்டாய உழைப்பு என்று சட்டமாகவே போட்டார்கள், 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே திரும்ப எடுத்தது. கிழவிக்காக வந்த ஆள் மாதிரி இப்போது யாரும் வருவதில்லை, ஜேசிபி வருகிறது.

மேடு, திடல் எல்லாம் இதுல சேருமா?

சேராது. அவை தானாகவோ காலப்போக்கிலோ உயர்ந்து கிடக்கிற நிலம், எதையும் தடுக்கவோ பிரிக்கவோ போட்டவை கிடையாது. கீழடியில் தோண்டின இடத்துக்குப் பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயர், அதை யாரும் கரை என்று சொல்ல மாட்டார்கள்.

பக்கத்துக்காரன் வருஷா வருஷம் வரப்பை வெட்டி உள்ளே வர்றான். வரப்பு தானே எல்லை, கோர்ட்டுல நிக்குமா?

இது சொல்லாராய்ச்சியில் சேராது, ஆனால் அதிகம் பேர் கேட்டது இதுதான். மேலே சொன்னபடி சொல்லின் அர்த்தம் எல்லை என்பதால் வரப்பு நகர்ந்தால் எல்லையும் நகர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1923-ஆம் வருஷத்து நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளந்து, கல் நட்டு, புலப்படத்தில் பதிந்த கோடுதான் சர்வே எல்லை. வரப்பு அதன் மேல் கிடக்கலாம், தள்ளியும் கிடக்கலாம். சந்தேகம் இருந்தால் தாலுகா ஆபீசில் பணம் கட்டி அளவைக்கு மனு போடுங்கள், மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

சும்மா விட்டுவிடவும் வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு விரல்கடை என்று வையுங்கள். இருபது வருஷத்தில் நாற்பது விரல்கடை, அதாவது ஏறக்குறைய இரண்டரை அடி. வரப்பு இருநூறு அடி நீளம் என்றால் ஐநூறு சதுர அடி போயிருக்கும், ஒரு சென்ட் என்பதே 435.6 சதுர அடிதான். எங்கள் வீட்டிலேயே அய்யாவும் அவர் தம்பியும் இந்தக் கணக்கில் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அளந்தபோது கல் இருந்தது இரண்டு பேரும் நினைத்த இடத்திலும் இல்லை, நடு வரப்புக்குள் புதைந்து கிடந்தது.

அண்டை வெட்டுறதுன்னு சொல்றாங்களே, அந்த அண்டை என்ன?

உழவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டைச் செதுக்கி, புல்லை எடுத்து, சேற்றை அப்பி மெழுகுவார்கள், வளைகள் அடைபடும். வரப்புக்கே அண்டை என்றும் ஒரு பெயர் உண்டு. அண்டை வீட்டுக்காரர் என்கிறோமே, அதே அண்டைதான், பக்கம் என்று அர்த்தம். முந்தின பதிலில் சொன்ன சண்டை முழுக்க இந்த வேலையில்தான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் அண்டை வெட்டும் நாளில் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே நேரத்தில் வயலில் இருப்பது அபூர்வம்.